கையொப்பத்துக்கு முன்னால் ஒரு வரி

மிளகு காயும் காலத்தில் வத்தேகம கடைத்தெருவுக்கு வருபவர்களுக்கு மூக்கே வழி சொல்லும். பன்வில, ஹுலுகங்கைப் பக்கத் தோட்டங்களிலிருந்தும் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் பெண்கள் சாக்குகளைச் சுமந்து வந்து, மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கும் கடைகளின் முன்னால் காத்து நிற்பார்கள். கடைக்காரர் சாக்கினுள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார். ஒன்றைப் பல்லில் வைத்துக் கடிப்பார். பிறகு தராசு. பிறகு ஒரு துண்டுக் கடதாசியில் ஓர் எண். ஈரத்துக்கு எவ்வளவு, தூசிக்கு எவ்வளவு என்று நிறையில் கழித்த கணக்கு அந்தத் துண்டில் இராது. நாமும் தலையை ஆட்டிக் கையொப்பமிட்டு, காசை எண்ணி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவோம்.

எமது மாதர் குழுவுக்கும் இதுவே நடந்தது. குழுவில் பன்னிரண்டு பேர். அவர்களுள் ஐவர் 1977இலும் 1983இலும் நடந்த கலவரங்களின்போது தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறி, போர் முடிந்தபின் கணவனையோ மகனையோ அந்த மண்ணில் இழந்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள். பன்னிரண்டு வீட்டு மிளகையும் ஒன்றாகச் சேர்த்து மூன்று சாக்குகளில் கட்டி அனுப்பினோம். வீட்டில் நிறுத்த நிறைக்கும் துண்டில் இருந்த நிறைக்கும் பதினொரு கிலோ வித்தியாசம். கேட்கப் போனவர்களுக்கு, "நீங்கதானே சைன் வைச்சீங்க" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது.

அந்தத் துண்டை நான் கொண்டுபோய்க் காட்டியது எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு நாநாவிடம். எண்பது வயதைத் தாண்டியவர். இளமையில் கொழும்புத் துறைமுகத்தில் 'டலி கிளாக்கராக', அதாவது கப்பலில் ஏறும் சாமான்களை எண்ணிப் பதியும் எழுதுவினைஞராக வேலை செய்தவர். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மகள், இதில ஒங்கட எழுத்து எங்க?"

"சைன் இருக்குதே நாநா."

"அது பேரு. எழுத்து எங்க எண்டுதான் கேக்கிறன்."

எனக்கு உடனே விளங்கவில்லை. அன்று மாலை அவர் சொன்னவற்றையும், பின்னர் நான் தேடி வாசித்து அறிந்தவற்றையும் சேர்த்தே இதனை எழுதுகிறேன். கப்பலுக்கும் மலையில் இருக்கும் எமக்கும் என்ன சம்பந்தம் என்று சில சகோதரிகள் கேட்கலாம். நாம் பறிக்கும் கொழுந்தும் உலர்த்தும் மிளகும் கடைசியில் போய்ச் சேருவது கப்பலுக்குத்தானே! கண்டி மாவட்டத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கினார். 1873இல் இலண்டனுக்குப் போன முதல் தேயிலை வெறும் 23 இறாத்தல் என்று பதிவாகியிருக்கிறது. அந்த 23ஐ இன்று நாம் அறிவது யாரோ ஒருவர் நிறுத்து எழுதி வைத்ததால்தான். பறித்த பெண்களின் பெயர்களை எழுதி வைப்பார் இருக்கவில்லை.

இனி நாநாவின் வேலைக்கு வருகிறேன். இப்போது எல்லாமே கொள்கலன் என்னும் இரும்புப் பெட்டிகளில் போகின்றன. அவர் வேலை செய்த காலத்தில் தேயிலைப் பெட்டி, மிளகுச் சாக்கு, தேங்காய்ப்பூ, இறப்பர் எல்லாம் தனித்தனியாகத்தான் ஏறும். கயிற்று வலையில் இருபது சாக்கு, முப்பது சாக்கு என்று அடுக்கிப் பாரந்தூக்கியால் தூக்கிக் கப்பலின் வயிற்றுக்குள் இறக்குவார்கள். ஒவ்வொரு தூக்குக்கும் கரைப்பக்கத்தில் ஒரு கிளாக்கரும் கப்பல் பக்கத்தில் ஒரு கிளாக்கரும் நிற்பார்கள். நான்கு கோடு கீறி ஐந்தாவதைக் குறுக்கே வெட்டுவது கணக்கு. வெயிலானாலும் மழையானாலும் கண்ணை எடுக்கக் கூடாது. வேலைமுறை முடிந்ததும் இரண்டு கணக்கையும் ஒத்துப் பார்ப்பார்கள். ஒத்துவந்தால் நல்லது. ஒத்துவராவிட்டால் அங்கேயே நின்று சண்டை.

எங்கள் தோட்டத்துப் பெண்களுக்கு இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு வரும். கொழுந்து நிறுக்கும்போது தராசின் முள்ளைப் பார்ப்பவர் ஒருவர், புத்தகத்தில் எழுதுபவரும் அவரே. கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பவரும் அவரே. மாலையில் 'அரைப் பேர்' என்று சொன்னால் அரைப் பேர்தான். கொழுந்து பறித்தவளின் பக்கத்தில் நின்று நான்கு கோடு கீறக் கிளாக்கர் எவரும் இருந்ததில்லை.

இரண்டு கணக்கும் ஒத்த பின்னர் தாள் கப்பலின் 'சீஃப் ஒபிசர்' கைக்குப் போகும். கப்டனுக்கு அடுத்த பதவி அவருடையது. கப்பலின் சரக்குக்குப் பொறுப்பானவர். அவர் ஒப்பமிட்டுக் கொடுக்கும் ரசீதுக்குத் துறைமுகத்தில் 'மேட் ரிசீட்' என்று பெயர். அந்தக் காலத்தில் சீஃப் ஒபிசரை 'மேட்' என்று அழைத்த வழக்கம் அந்தப் பெயரில் நிலைத்துவிட்டது. "கீழ்க்காணும் சாமான்கள் நல்ல நிலையிலும் ஒழுங்கிலும் கப்பலில் பெறப்பட்டன" என்பது அதில் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கும். அச்சிட்டிருக்கிறதே என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிடுவதில்லை. கிளாக்கரின் கணக்கைப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் இறங்கிப் போய்ச் சாக்கைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு, ஒப்பமிடும் இடத்துக்கு மேலே இருக்கும் வெற்றிடத்தில் தன் கைப்பட எழுதுவார்:

"ஏழு சாக்குகள் கிழிந்துள்ளன."

"மூன்று பெட்டிகள் ஏற்றுமுன்பே நனைந்திருந்தன."

"பத்துச் சாக்குகள் பற்றிக் கணக்கில் இணக்கமில்லை. கப்பலில் இருந்தால் ஒப்படைக்கப்படும்."

மூன்றாவது வரியை நாநா மூன்று தரம் சொன்னார். கரைக்காரன் நூறு என்கிறான், கப்பல்காரன் தொண்ணூறு என்கிறான். எவரும் பொய்யர் என்று சீஃப் ஒபிசர் எழுதவில்லை. சண்டையை மூடி மறைக்கவுமில்லை. பத்துச் சாக்குகளைப் பற்றித் தெரியாது என்பதை மட்டும் எழுதினார். பின்னாளில் அந்தப் பத்துச் சாக்குகளுக்கு யார் வந்து கேட்டாலும், "நீதானே பெற்றேன் என்று ஒப்பமிட்டாய்" என்று அவர் சட்டையைப் பிடிக்க முடியாது. நான் வாசித்த அலுவலகக் கடிதங்களில் இவ்வளவு நேர்மையான வசனத்தைக் கண்டதில்லை.

அந்தப் பதவிகளில் இருப்போர் பெரும்பாலும் ஆண்களே. உலகக் கப்பல்களில் வேலை செய்யும் பெண்கள் 2021இல் எடுத்த கணக்கின்படி 24,059 பேர். நூற்றுக்கு ஒன்றரைப் பேர்கூட இல்லை. என்றாலும் வழி திறந்துதான் இருக்கிறது. கேரளத்துக் கொடுங்ஙல்லூரைச் சேர்ந்த ராதிகா மேனன் கப்பலில் வானொலி அதிகாரியாகச் சேர்ந்து, படிப்படியாகப் பரீட்சை எழுதி, இந்திய வணிகக் கப்பற்துறையின் முதற் பெண் கப்டன் ஆனார். 2015 யூனில் வங்காள விரிகுடாவில் புயலில் அகப்பட்ட ஏழு மீனவர்களை அவரது எண்ணெய்க் கப்பல் மீட்டது. அதற்காக 2016இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வீரத்துக்கான விருது அவருக்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதற் பெண்ணும் அவரே. கப்டன் என்றால் சரக்குப் பத்திரத்தின் கீழ் நிற்கும் கையொப்பமும் அவருடையதே.

அந்தப் பத்திரம் எது என்பதைச் சொல்ல வேண்டும். மேட் ரிசீட்டை வைத்துத்தான் 'கப்பலேற்றுச் சீட்டு' எழுதப்படுகிறது. துறைமுகத்தில் கேட்டால் 'பீ.எல்.' என்பார்கள். கப்டன் ஒப்பமிடுவார், அல்லது அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த முகவர் ஒப்பமிடுவார். வழக்கமாக மூன்று மூலப்பிரதிகள் இருக்கும். இந்தக் கடதாசி ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறது. பொருளைக் கப்பல் பெற்றுக்கொண்டது என்பதற்கு ரசீது அது. இன்ன துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்ற உடன்படிக்கைக்குச் சாட்சியும் அதுவே. எல்லாவற்றிலும் மேலாக, மூலப்பிரதியைக் கையில் வைத்திருப்பவரே பொருளுக்கு உரித்தாளர். மறு துறைமுகத்தில் மூன்றில் ஒன்றைக் கொடுத்துப் பொருளை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் செல்லாக் கடதாசிகள். கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே அந்தத் தாள் கைமாறி, அதனுடன் மிளகும் கைமாறிவிடும். எங்கள் மலையில் காய்ந்த மிளகு எவரும் தொடாமலே இரண்டு மூன்று எசமானர்களைக் காணக்கூடும்!

வங்கிகளும் இந்தத் தாளை நம்பித்தான் பணம் கொடுக்கின்றன. வெளிநாட்டு வியாபாரி 'நாணயக் கடிதம்' திறப்பார். குறை எதுவும் எழுதப்படாத 'சுத்தமான' கப்பலேற்றுச் சீட்டை ஏற்றுமதியாளர் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வங்கி பணம் தரும். "ஏழு சாக்குகள் கிழிந்துள்ளன" என்று இருந்தால் வங்கி கையை விரித்துவிடும். ஆகவே அந்த ஒரு வரியை அழிக்கச் சொல்லிக் கப்பல்காரர் மீது வரும் நெருக்குதல் கொஞ்சநஞ்சமல்ல. "எழுத வேண்டாம், ஏதும் நட்டம் வந்தால் நாங்கள் பொறுப்பு" என்று தனியாக ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். ஈட்டுறுதிக் கடிதம் என்று அதற்குப் பெயர்.

அவ்வாறு ஒரு கடிதத்தை நம்பியவர்களின் கதை இங்கிலாந்து நீதிமன்றத்தில் 1957இல் தீர்ப்பாகியது. இலண்டனிலிருந்து ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுகத்துக்குத் தோடம்பழச் சாறு நூறு பீப்பாய்கள் ஏறின. பீப்பாய்கள் பழையவை, பலமற்றவை, சில ஒழுகுகின்றன என்று டலி கிளாக்கர் குறித்து வைத்தார். ஏற்றுமதியாளர் சுத்தமான சீட்டு வேண்டும் என்றார். ஈட்டுறுதிக் கடிதம் கொடுத்தார். கப்பல் தரப்பும் குறையை எழுதாமல் ஒப்பமிட்டுக் கொடுத்தது. ஹம்பேர்க்கில் பீப்பாய்கள் ஒழுகிய நிலையில் இறங்கின. வாங்கியவருக்குக் கப்பல் தரப்பு நட்டஈடு கட்ட நேர்ந்தது. கட்டிவிட்டு, "எங்கள் கையில் கடிதம் இருக்கிறதே" என்று ஏற்றுமதியாளரிடம் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போயிற்று. பொய் என்று தெரிந்தே ஒப்பமிட்டீர்கள், வாங்குபவர் அதை நம்புவார் என்றும் தெரியும், ஆகவே அந்தப் பொய்க்காகக் கொடுத்த உறுதிமொழியை நிறைவேற்றித் தரச் சட்டம் வராது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்.

"நீங்க சும்மா சைன் வைங்க, நாங்க பார்த்துக்கொள்ளுறோம்." இந்த வசனத்தை எத்தனை மேசைகளுக்கு முன்னால் நின்று நாம் கேட்டிருக்கிறோம்!

சாறு ஒழுகியது கண்ணுக்குத் தெரிந்தது. கொள்கலன் வந்தபின் கண்ணுக்கும் வேலையில்லாமல் போய்விட்டது. ஏற்றுமதியாளரின் களஞ்சியத்திலேயே பெட்டியை நிரப்பிப் பூட்டி முத்திரை வைத்துவிடுகிறார்கள். கப்பலில் இருப்பவர் பெட்டியின் இலக்கத்தையும் முத்திரை இலக்கத்தையும் வெளிச்சுவரையும்தான் பார்க்க முடியும். அதனால் சீட்டில் வேறு ஒரு வசனம் வந்து சேர்ந்தது: "உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது". ஏற்றியதும் அடுக்கியதும் எண்ணியதும் அனுப்புபவரே என்று அதனோடு சேர்த்து எழுதுவார்கள். பெட்டியின் உண்மையான நிறையை நிறுத்துச் சான்று கொடுத்த பின்னரே ஏற்ற வேண்டும் என்ற சர்வதேச விதிகூட 2016 யூலையில்தான் நடைமுறைக்கு வந்தது.

கண்ணால் காணாத பெட்டி என்ன செய்யும் என்பதை எங்கள் கடற்கரையே பார்த்தது. 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பலை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2021இல்தான் கட்டி முடித்த புத்தம் புதுக் கப்பல். 1,486 கொள்கலன்கள். அவற்றுள் 81இல் ஆபத்தான பொருட்கள். நைத்திரிக் அமிலம் மட்டும் 25 தொன். ஒரு பெட்டியிலிருந்து அமிலம் கசிவதை மாலுமிகள் மே 11ஆம் திகதியே கண்டுவிட்டார்கள். கட்டாரின் ஹமத் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசிரா துறைமுகத்திலும் அந்தப் பெட்டியை இறக்கக் கேட்டார்கள். வசதியில்லை என்று இரண்டு இடத்திலும் மறுத்துவிட்டார்கள். கசியும் பெட்டியோடு மே 19 இரவு கொழும்புக்கு வெளியே வந்து நங்கூரமிட்டது. மறுநாள் தீ. 25ஆம் திகதி பெரும் வெடிப்பு. கப்பலில் இருந்த 25 பேரும் இறக்கப்பட்டார்கள். யூன் 2ஆம் திகதி ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபோது பின்பகுதி அடியில் தட்டி அமிழத் தொடங்கிற்று.

சரக்குவையிலும் பமுனுகமையிலும் கரை முழுவதும் வெண்ணிறப் பிளாஸ்டிக் மணிகள் முழங்கால் புதைய ஒதுங்கின. ஏறக்குறைய 1,680 தொன் மணிகள் அக்கப்பலில் இருந்தன. மீன்பிடி தடைசெய்யப்பட்டது. நீர்கொழும்புப் பக்கத்தில் மீன் வெட்டிக் கருவாடு போட்டுப் பிழைத்த பெண்களுக்கு அந்த மாதங்களில் அடுப்பு எரிந்தது கடனில்தான். 2025 யூலை 24இல் எமது உயர் நீதிமன்றம், 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று கப்பல் தரப்புக்கு உத்தரவிட்டது. கசிவின் உண்மை நிலையைக் கொழும்புக்கு உரிய நேரத்தில் சொல்லவில்லை என்பது நீதிமன்றம் கண்ட குறைகளில் ஒன்று. அந்தத் தொகையைச் செலுத்த முடியாது என்று நிறுவனத்தார் அதே ஆண்டிலேயே அறிவித்தனர்.

கப்பலில் தாள்கள் இல்லாமல் இருக்கவில்லை. ஆபத்தான சரக்குக்குத் தனிப் பட்டியல் உண்டு, அனுப்புபவர் ஒப்பமிட்ட உறுதிமொழி உண்டு. பெட்டிக்குள் அமிலம் இருப்பதும் எழுதியே இருந்தது. கசிகிறது என்ற ஒரு வரி போகவேண்டிய கைக்குப் போகவேண்டிய நேரத்தில் போகவில்லை.

இன்னொரு பழைய வழக்கையும் சொல்லிவிடுகிறேன். கல்கத்தாவில் ஒரு கப்டன் பன்னிரண்டு பொதி பட்டு ஏற்றியதாகச் சீட்டில் ஒப்பமிட்டார். பட்டு ஏறவே இல்லை. சீட்டை நம்பிக் கடன் கொடுத்தவர்கள் இலண்டனில் வழக்குப் போட்டார்கள். ஏற்றாத பொருளுக்கு ஒப்பமிடும் அதிகாரம் கப்டனுக்குக் கிடையாது, ஆகவே கப்பல் சொந்தக்காரர் பொறுப்பல்லர் என்று 1851இல் தீர்ப்பு வந்தது. நம்பியவர்களே நட்டப்பட்டார்கள். இந்த அநியாயத்தை இங்கிலாந்து சட்டம் போட்டுத் திருத்த 1992 வரை காலம் எடுத்தது.

அதை வாசித்தபோது என் நினைவு வேறொரு மேசைக்குப் போயிற்று. 1990களில், இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்று. வரிசையில் நின்று என் முறை வந்ததும் ஒரு தாளை நீட்டினார்கள். மேலே என் பெயரும் குடும்ப அட்டை இலக்கமும் இருந்தன. நடுவில் வெற்றிடம். "பின்னுக்கு ஆட்கள் நிற்கினம், கெதியா வையுங்கோ" என்றார் மேசையில் இருந்தவர். வைத்தேன். அரிசி, பருப்பு, ஒரு பாய், ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கொடுத்தார்கள். சில மாதங்கள் கழித்து வேறொரு வேலையாகப் போனபோது அந்தத் தாளை மேசையில் கண்டேன். வெற்றிடம் நிரம்பியிருந்தது. பால்மா, சவர்க்காரம், நுளம்புவலை, சேலை எல்லாம் நான் பெற்றதாக இருந்தது. கீழே என் கையொப்பம், கோணல்மாணலாக. எனக்கு அப்போது கைக்குழந்தை. பால்மா என்ற எழுத்தைப் பார்த்தபடி நின்றது இன்னும் நினைவிருக்கிறது. எவரிடமும் கேட்கவில்லை. கேட்டாலும் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

தாளில் ஒரு பெயர் எங்கே இருக்கிறது என்பதில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதற்கு எமக்கு இன்னுமொரு கப்பல் சாட்சி. 2009இல் ஐரோப்பாவில் வாழும் எம்மவர்கள் வன்னி மக்களுக்கென உணவும் மருந்தும் சேர்த்து 'கப்டன் அலி' என்ற கப்பலில் அனுப்பினார்கள். 'வணங்காமண்' என்றால் பலருக்கு நினைவுக்கு வரும். 884 தொன். யூன் 4ஆம் திகதி இலங்கைக் கடற்படை வழிமறித்தது. ஆயுதம் எதுவும் அகப்படவில்லை, என்றாலும் இறக்க இடமளிக்கப்படவில்லை. கப்பல் சென்னைக்கு வெளியே போய்க் காத்துக் கிடந்தது. பின்னர் பொருட்கள் அங்கே இறக்கப்பட்டு, வேறு கப்பலில் கொழும்புக்கு வந்தன. பெறுநர் என்ற இடத்தில் இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயர். வரியையும் துறைமுகக் கட்டணத்தையும் யார் செலுத்துவது என்ற கேள்வியில் மாதக்கணக்கில் கொழும்புத் துறைமுகத்திலேயே கிடந்தன. கப்பலேற்றுச் சீட்டில் பெறுநராகப் பெயர் எழுதப்பட்டவரே பொருளை விடுவிக்க வேண்டும். எடுக்கும்வரை நாளுக்கு நாள் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். எல்லாக் கப்பலுக்கும் உள்ள வழமை அது. யாருக்காக அந்த உணவு சேர்க்கப்பட்டதோ அவர்கள் அப்போது மெனிக் பாம் முட்கம்பிக்குள் இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

இதையெல்லாம் குழுக் கூட்டத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதிகம் பேசாத ஒரு அக்கா இடைமறித்தார். அவரது கணவர் 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் வைத்துக் காணாமற்போனவர்.

"அந்தக் கப்பல்காரர் எழுதுற வசனத்தத் திரும்பச் சொல்லுங்க. இணக்கமில்லையெண்டு வருதே, அது."

சொன்னேன். பத்துச் சாக்குகள் பற்றிக் கணக்கில் இணக்கமில்லை. கப்பலில் இருந்தால் ஒப்படைக்கப்படும்.

"எங்களுக்கு அப்பிடி ஒரு தாள் தரக் கனகாலம் ஆச்சுது" என்றார்.

அவர் சொன்னது சரிதான். போருக்குப் பின்னர், 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி, காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வழி செய்யப்பட்டது. காணிக்கும் வங்கிக் கணக்குக்கும் பிள்ளையின் பாடசாலைக்கும் அந்தத் தாள் தேவைப்பட்டது. ஆனால் 'இறந்துவிட்டார்' என்று எழுதிய தாளின் கீழ் மனைவி எப்படி ஒப்பமிடுவாள்? அவள் கண்டது கையில் ஒப்படைத்ததை. இறந்ததை அல்ல. பலர் பொருளாதார நெருக்கடியால் ஒப்பமிட்டார்கள். பலர் மறுத்து, உதவிகளையும் இழந்து வீதியில் இருந்தார்கள். 2016இல் 16ஆம் இலக்கச் சட்டம் அதனைத் திருத்தியது. அதன்படி, இறந்தார் என்று சொல்லாமல், காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம். பிள்ளைகளின் காரியங்களுக்கும் சொத்துக் காரியங்களுக்கும் அதைப் பயன்படுத்தலாம். தேடும் உரிமை பறிபோகாது. அந்தச் சான்றிதழ் போதாது, உண்மை வேண்டும் என்று போராடும் தாய்மாரின் நியாயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அக்காவும் இன்னும் அதை எடுக்கவில்லை. எடுப்பதா வேண்டாமா என்று அவர்தான் தீர்மானிக்க வேண்டும். மரணச் சான்றிதழ் ஒன்றுதான் உண்டு என்று எவராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள் என்பதற்காகவே இங்கே எழுதினேன்.

நாநாவிடம் மறுபடியும் போனோம், இம்முறை நான்கு பேராக. கப்பல்காரருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் உரிமை ஒன்றைச் சொன்னார். தன்னால் சரிபார்க்க முடியாத எண்ணையோ நிறையையோ சீட்டில் எழுதும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 1924இல் பிரசெல்ஸ் நகரில் நாடுகள் கூடி எழுதிய விதி அது. இலங்கையிலும் 1982ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் நடைமுறைக்கு வந்தது. "கப்டனுக்கு உள்ள உரிமை மிளகு விக்கிற பொம்புளைக்கு இல்லையா? ஒரு பேனை கொண்டு போங்க" என்றார். பிறகு ஒரு பழைய கொப்பியில் எமக்குக் கோடு கீறிக் காட்டினார், நான்கும் ஒரு வெட்டும்.

அடுத்த மிளகை நிறுக்க மூவர் போனோம். ஒருவர் தராசைப் பார்த்தார். ஒருவர் கொப்பியில் எழுதினார். எழுத வாசிக்கத் தெரியாத அம்மா ஒருவர் சாக்குகளை எண்ணினார், அவர் எண்ணிக்கை ஒருபோதும் பிழைத்ததில்லை. கடைக்காரர் வழக்கம்போல் துண்டை நீட்டினார். ஒப்பமிடுமுன் நான் அதில் எழுதினேன்: "கொண்டுவந்த நிறை 94 கிலோ. ஈரத்துக்கென 5 கிலோ கழிக்கப்பட்டது. எமக்கு இணக்கமில்லை." கடைக்காரர் துண்டை வாங்கி வாசித்தார். முகம் சிவந்தது. இப்படி எழுதினால் வாங்கமாட்டேன் என்றார். சாக்குகளைத் தூக்கத் தொடங்கினோம். பக்கத்துக் கடையில் வேலை செய்யும் பையன் வாசலில் வந்து எட்டிப் பார்த்தான்.

கழித்தது 2 கிலோ ஆயிற்று. அந்த வரியை வெட்டி, "2 கிலோ" என்று திருத்தி எழுதி இருவரும் ஒப்பமிட்டோம். அதன் பிரதி குழுவின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. முதலாவது முறை போன பதினொரு கிலோ இன்னும் வரவில்லை.